சளியும் சீதமும்

1

நான் சளியைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். ஊரில் யாராவது கேட்டால் அப்பா "ஆராய்ச்சி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். உண்மை இதுதான். எலியின் குடலை மிக மெல்லிய துண்டுகளாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் குடற்சுவரை ஒட்டி ஒரு நீலப் பட்டை தெரியும். அது சளிப்படலம். அதன் தடிமனை அளந்து எழுதுவது என் வேலை. எந்தக் கொழுப்பைத் தின்ற எலிக்கு அந்தப் பட்டை எவ்வளவு மெலிகிறது, அதற்குள் குடியிருக்கும் நல்ல பாக்டீரியா என்ன ஆகிறது என்பதைத்தான் எங்கள் குழு பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த ஆடியோடு நான் ஜெர்மனியின் வடக்கில் உள்ள இந்த ஊருக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதை எனக்கு நினைவூட்டியது வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். "மதிப்பிற்குரிய திருமதி கருப்பையா" என்று தொடங்கியிருந்தது. கருப்பையா என் அப்பா. என் பெயர் புவனா. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டதால் பல் மருத்துவர் முதல் தபால்காரர் வரை எல்லாருக்கும் நான் கருப்பையாதான். முதல் வருடம் அதை அப்பாவிடம் சொன்னபோது சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

"அப்ப அங்க வெள்ளக்காரன் எல்லாம் எம்பேரச் சொல்லித்தான் கூப்புடுறானா?"

"ஆமாப்பா."

"நம்ம எஸ்டேட்டுத் தொரைக்கு இத்தன வருசமா எம்பேரு தெரியாது புள்ள. 'ஏய் கவ்வாத்து'ம்பாரு."

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிடுவது. வெட்டினால்தான் புதுத் துளிர் வரும். அப்பா இருபது வருடங்களுக்கு மேலாகக் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவர்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். தங்கும் அனுமதியை நீட்டிக்க நான் கொடுத்த விண்ணப்பம் கிடைத்தது. பழைய அட்டையின் காலம் முடிந்துவிட்டது. நேரில் வரவேண்டிய தேதி பின்னர் தெரிவிக்கப்படும். அதுவரை நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி நுழைவதற்கு உத்தரவாதம் இல்லை. படித்துவிட்டுக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். எங்கும் போகும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

அன்று மதியம் அம்மா கூப்பிட்டாள். அம்மா வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை.

2

அம்மா சொன்னதை எழுதுவதற்கு முன்னால் பொங்கலுக்கு நான் செய்ததை எழுதவேண்டும்.

எங்கள் வீடு கோத்தகிரிப் பக்கம் அரவேணுவுக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில். வரிசை வீடுகளை மற்றவர்கள் லைன் என்பார்கள். இலங்கையிலிருந்து வந்த நாங்கள் இன்னும் லயம் என்கிறோம். அப்பா சின்னப் பிள்ளையாகக் கப்பலேறி வந்தவர். மூன்றாம் வகுப்போடு நின்றார். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் போனது என் இலவசச் சீருடைக்கு அளவு கொடுக்க மட்டும்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்க அப்பா கோத்தகிரி தாலுகா ஆபீசுக்குப் போனார். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழையில் நனைந்து திரும்பினார். சட்டை நனைந்திருந்தது. காகிதம் நனையவில்லை. அதன் நகல் என் மேசையில் இருக்கிறது. நான் கர்வக்காரி என்று கல்லூரியில் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

பொங்கலன்று எங்கள் லயத்தின் வாட்ஸ்அப் குழுவில் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா ஒரு குரல் செய்தி போட்டாள். இலை பறிக்கிறவள், வாய் கொஞ்சம் நீளம். "ஏ புவனா, எலி வளக்குறேன்னு ஒங்கப்பா சொல்றாரு. எலி வளக்கவா ஏரோப்ளேன் ஏறுன? எங்களுக்கும் வெளங்குற மாதிரி சொல்லு பாப்போம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்து நிமிடம் தமிழில் பேசி அனுப்பினேன்.

நம் குடலுக்குள்ளே ஒரு சளி இருக்கிறது என்று தொடங்கினேன். மூக்கில் ஒழுகும் சளி மாதிரிக் கெட்டதில்லை, நல்ல சளி. குடற்சுவருக்குப் போர்வை. அதில் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. அதன் லத்தீன் பெயரின் பின்பாதிக்கே சளியை விரும்புவது என்றுதான் பொருள். அது அந்தப் போர்வையையே மேய்கிறது. மேய்ந்தால் போர்வை தேயவேண்டும் அல்லவா? தேயாது. மேய மேயக் குடல் புதிதாகச் சுரக்கும். எங்கப்பா கவ்வாத்து வெட்டினால் செடி துளிர்க்கிறதே, அது மாதிரி. ஆனால் உறைகிற கொழுப்பு அளவுக்கு மீறிப் போனால் இந்தப் பாக்டீரியா குறைந்துபோகிறது. மார்கழியில் நம் வீட்டில் ரேஷன் பாமாயில் பாட்டிலுக்குள் உறைந்து, அடுப்போரம் வைத்து உருக்குவோமே, அந்த மாதிரிக் கொழுப்பு. பன்றிக் கொழுப்பு, வனஸ்பதி எல்லாம் அப்படித்தான். போர்வை மெலிந்ததும், தள்ளி நிற்கவேண்டிய கிருமிகள் சுவரை வந்து தொடுகின்றன. அங்கே தொடங்குகிறது புண். மீன் எண்ணெயை அப்படிச் சொல்ல முடியாது. அதைத் தின்ற எலிகள் நன்றாக இருக்கின்றன.

எலியில் கண்டதை மனிதருக்குச் சொல்ல எங்கள் துறையில் யாரும் அவசரப்படுவதில்லை. ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும்போது நானும் வரிக்கு வரி "இருக்கலாம்", "கூடும்" என்று சேர்க்கிறேன். ஊருக்குப் பேசியபோது அவை என் வாயில் வரவில்லை. "நல்ல சளி ஊறுச்சுன்னா கொடலு நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்று முடித்தேன். அந்தக் கடைசி வரியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அழகாக இருக்கும் என்று நானே சேர்த்தது.

3

அந்தப் பத்து நிமிடத்தை அரவேணு டீக்கடையில் ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டார்களாம். சரோஜா அக்கா பஜ்ஜியை விட்டாள். லயத்தில் நாலைந்து வீட்டில் தாளிப்பதற்கு மட்டும் எண்ணெய் என்று ஆனது. எல்லாவற்றுக்கும் அப்பாதான் கங்காணி.

"கொழம்புல எண்ணெ மெதக்குதே, இது கொடலுக்குள்ள போயி என்னா செய்யும் தெரியுமா? என் மகட்ட போட்டாப் புடிச்சு அனுப்பட்டா?" என்று வீடு வீடாகச் சட்டியை எட்டிப் பார்த்தாராம். கொழுப்பு என்ற சொல் லயத்தில் திமிருக்கும் பெயர் என்பதால் வேறு வினையும் வந்தது. யாரிடமோ "ஒனக்குக் கொழுப்பு ஜாஸ்தி, கொறச்சுக்க" என்று நல்ல எண்ணத்தில் சொல்லி அடி வாங்கப் பார்த்தார். அம்மா ஃபோனில் சொல்லச் சொல்லக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

சித்திரையில் ஒரு படம் வந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் இலை நிறுக்கும் தராசின் மேல் அப்பா நிற்கிறார். கையில் இடுப்புப் பெல்ட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். அதில் ஆணியால் புதிதாக அடித்த மூன்று ஓட்டைகள். "மகள் சொன்னபடி கொழுப்பு கரைந்தது" என்று யாரோ கீழே எழுதிக் கொடுத்திருந்தார்கள். குழுவில் எல்லாரும் கைகூப்பினார்கள். நான் ஓர் இதயம் போட்டேன்.

அந்தப் படத்தை எங்கள் ஆய்வுக் குழுத் தலைவியிடம் காட்டினேன். "உன் முதல் மனித ஆய்வு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

படத்தில் அப்பாவின் கழுத்தெலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. என் எலிகளில் ஒன்று ஓரிரு கிராம் இளைத்தால் குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதிவிட்டு அடுத்த நாளே காரணம் தேடுகிறவள் நான்.

4

அன்று மதியம் அம்மா கூப்பிட்டதற்கு வருகிறேன். நடைபாதைக்கு வந்து எடுத்தேன்.

"பக்கத்துல யாரும் இருக்காங்களா?" என்றாள். யாருக்கும் தமிழ் தெரியாது என்றேன். அப்படியும் குரலைத் தாழ்த்தினாள். "ஒங்கப்பாவுக்கு சீதமாப் போவுது."

"சீதம்னா?"

நான் கேலி செய்கிறேனோ என்று நினைத்திருப்பாள்.

"சீதம் தெரியாதா ஒனக்கு? வெளிக்குப் போறப்ப வழுவழுன்னு வருமே, அதான். ரெத்தமும் சேந்து போவுது."

"எப்ப இருந்தும்மா?"

"தீவாளி கழிச்சு ஆரம்பிச்சுச்சு. டிஸ்பென்சரிக்கு வாய்யான்னு அப்பவே கூப்புட்டேன். இந்தா அந்தான்னு இருந்தாரு. பொங்கலுக்கு நீ பேசுனியா, அதக் கேட்டுட்டு, 'அடி கூறுகெட்டவளே, இது சீதம் இல்ல, சளி. நல்ல சளி. கவ்வாத்து வெட்டுன செடி மாதிரி ஊறி வருது'ன்னுட்டாரு."

"ரத்தம் வருதே, அதுக்கு என்ன சொன்னாரு?"

"அது சூட்டுக்குன்னாரு." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு என்னா தெரியும்? நீ படிச்சவ சொல்லிட்ட. நான் சீதம் சீதம்னு எத்தன தடவ சொல்லுவேன்?"

நடைபாதையின் சன்னலுக்கு வெளியே ஆட்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். நான் நுண்ணோக்கி அறைக்குத் திரும்பவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து தமிழ் அகராதியைத் தேடினேன். சீதம்: குளிர்ச்சி, மலத்துடன் கழியும் சளி. சீதபேதி என்று ஐந்தாம் வகுப்புச் சுகாதாரப் பாடத்தில் படித்திருக்கிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அதில் இருக்கும் சீதம் என்ன என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கல்லூரி முதல் நான் உடம்பை ஆங்கிலத்தில்தான் படித்தேன். இங்கே வந்து ஜெர்மன் மொழியிலும் கற்றுக்கொண்டேன். குடலின் உட்தோலுக்கு இங்கே சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும் ஒரு பெயர் உண்டு, சளித்தோல் என்று பொருள். அதையெல்லாம் ஊருக்குச் சொல்ல உட்கார்ந்தபோது அகராதி இல்லாமலே மொழிபெயர்த்துவிடலாம் என்ற தைரியம். மூக்கில் வருவது சளி, எனவே குடலில் இருப்பதும் சளி. "நல்ல சீதம்" என்று நான் சொல்லியிருந்தால் லயமே திடுக்கிட்டிருக்கும். "சீதத்துல என்னாடி நல்ல சீதம்?" என்று சரோஜா அக்கா ஒருத்தியே என்னை நிறுத்தியிருப்பாள். சுவரில் ஒட்டியிருக்கும்வரைதான் அது போர்வை. கழன்று வெளியே வந்தால் நோய். அந்த வித்தியாசம் அம்மாவின் சொல்லுக்குள்ளேயே இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவள் சரியான சொல்லை வைத்துக்கொண்டு எட்டு மாதம் கத்தியிருக்கிறாள். என் தவறான சொல் ஒலிபெருக்கியில் போய்விட்டது.

ரத்தம், சளி, இளைப்பு, ஐம்பத்தெட்டு வயது. இந்த நான்கையும் ஒரே வரியில் எழுதினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். எழுதிப் பார்க்கவில்லை.

5

அன்றே அப்பாவிடம் பேசினேன். ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடலாமே என்றேன்.

"எதுக்கு? நல்லாத்தான இருக்கேன். கொஞ்சம் அசதி. அது எண்ணெ விட்ட அசதி."

"அப்பா, வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பாப்பாங்க. ஒருநாள் வேலைதான்."

"போனா லயம் என்னா பேசும் தெரியுமா?" என்றார். "கருப்பையா மக பேச்சக் கேட்டு ஆஸ்பத்திரியில கெடக்கான்னு பேசும். எனக்கு அது ஆகாது."

அவருக்கு நோயைப் பற்றி ஐயம் இருந்திருக்கவேண்டும். இவ்வளவு நாள் ரத்தத்தைப் பார்த்தவர் பயப்படாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் நான் தவறு என்று ஆகிவிடுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நான் தவறாமல் இருப்பதற்காக அவர் தன் குடலைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மாதான் வழி சொன்னாள். "நீயா தப்புன்னு சொன்னாத்தான் போவாரு. என்கிட்ட சொல்லிப் பிரயோசனம் இல்ல. ஞாயித்துக்கெழம எல்லாரும் இருக்கறப்ப சொல்லு."

ஞாயிறு எனக்குக் காலை பத்து மணி. அங்கே மழை ஓய்ந்த மதியம். வீடியோவில் எங்கள் வாசலும் சரோஜா அக்காவும் இன்னும் ஆறேழு முகங்களும் தெரிந்தன. அப்பா நடுவில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். முன்பு சொன்னதற்குச் சில கூடுதல் விளக்கங்கள் என்று ஆரம்பித்து, சூழலைப் பொறுத்து, எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை, மருத்துவ ஆலோசனையும் அவசியம் என்று படித்தேன். இப்போது எல்லா "இருக்கலாமும்" வந்தன. எந்த இடத்திலும் தவறு என்ற சொல் இல்லை.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா? அன்னிக்கு விட்டதெல்லாம் இன்னிக்கு வெவரமாச் சொல்லுது."

அம்மா அவருக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளை மடித்தேன். "அப்பா, நான் சொன்னது தப்பு."

"என்னா?"

"சளி வெளிய வந்தா நல்லதுன்னு நெனைக்கிற மாதிரி பேசிட்டேன். தப்பு. அம்மா சொன்னதுதான் சரி. அது சீதம். நோய். எனக்கு அந்த வார்த்தையே தெரியாது."

சரோஜா அக்கா நெஞ்சில் கை வைத்தாள். "அடிப்பாவி! அப்ப ஆறு மாசமா நான் பஜ்ஜிய மோந்து பாத்துட்டுப் போனது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், அப்பா சிரித்திருந்தால். அவர் முக்காலியிலிருந்து எழுந்தார். எழும்போது அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அதை நான் அன்றுவரை பார்த்ததில்லை.

"சரி. நாளைக்கி லீவு போட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

6

கோத்தகிரியில் பார்த்த டாக்டர் கையுறை மாட்டிச் சோதித்துவிட்டு அதிகம் பேசவில்லையாம். கோயம்புத்தூருக்கு ஒரு சீட்டு எழுதி, ஓரிடத்தில் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார். அம்மா அதைப் படம் பிடித்து அனுப்பி, "கோடு எதுக்கு?" என்று கேட்டாள். "மறக்காம இருக்க" என்றேன்.

நான் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுதினேன்: என் அப்பா நோயுற்றிருக்கிறார், அவசரமாகப் போகவேண்டும், திரும்பி வர ஒரு காகிதம் தரமுடியுமா? இயந்திரம் உடனே பதில் போட்டது. அன்புள்ள திருமதி கருப்பையா, உங்கள் செய்தி கிடைத்தது. அப்பாவைப் பற்றி எழுதியதற்கு அப்பாவின் பெயரைச் சொல்லியே எனக்கு நன்றி சொல்லியிருந்தது. விமான டிக்கெட் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். போனால் மூன்று வருட வேலை இங்கேயே நிற்கும். இதை எழுதும் இன்றுவரை பொத்தானை அழுத்தவில்லை. அடுத்த வாரம் குடலிலிருந்து எடுக்கும் துண்டின் முடிவு வரும். அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றும் இருக்காது என்று படுகிறது.

நேற்றுக் காலை மேட்டுப்பாளையம் வழியாகப் பஸ் மாறிக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அம்மா என்னை வீடியோவில் போட்டு ஃபோனை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது சுழலும் மின்விசிறியும் சுவரின் மேல்பகுதியும்தான். குரல்கள் நன்றாகக் கேட்டன. டாக்டர் ஒரு பெண். அவசரமில்லாத, கோயம்புத்தூர்க் குரல்.

"ஏனுங்க ஐயா, எத்தன நாளாங்க இப்புடிப் போகுது?"

"ரெண்டு மாசம் இருக்குமுங்க" என்றார் அப்பா.

"எட கொறைஞ்சிருக்குதுங்களா?"

"அது எண்ணெயக் கொறச்சேனுங்க. மத்தபடி ஒண்ணுமில்ல."

இரண்டு மாதம். ஏன் இரண்டு என்று எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. இரண்டு மாதம் என்றால் பொங்கலுக்கு நான் பேசியபோது சீதமே இல்லை. இரண்டு மாதம் என்றால் நான் பேசியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. லயத்தில் எல்லார் முன்னாலும் நான் ஒப்புக்கொண்டதை இங்கே, எங்களை யாரென்றே தெரியாத ஒரு டாக்டர் முன்னால், அவர் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தார். ஆனால் இரண்டு மாதம் என்று எழுதினால் ஏதோ கிருமித் தொற்று என்று மாத்திரை கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லக்கூடும். அந்த ஒரு மாதம் அவரிடம் இல்லை என்றே எனக்குத் தோன்றியது.

"அம்மா, ஃபோனத் தூக்கு. டாக்டர் பக்கம் திருப்பு."

மின்விசிறி நகர்ந்து, மேசை தெரிந்து, பேனா பிடித்த கையும் டாக்டரின் முகமும் தெரிந்தன.

"டாக்டர், நான் இவங்க பொண்ணு. ரெண்டு மாசம் இல்லைங்க. தீபாவளியில இருந்து போகுது. நான்தான் ஒன்னுமில்லைன்னு நம்ப வச்சேன். எனக்காக மறைக்கிறாரு."

பேனா நின்றது. டாக்டர் ஃபோனைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார்.

"அப்புடிங்களா ஐயா? தீபாவளியில இருந்துங்களா?"

அப்பா எனக்குத் தெரியவில்லை. மேசையின் இந்தப் பக்கம் எங்கேயோ இருந்தார். அவர் மறுப்பார் என்று நினைத்தேன். கோபப்படுவார் என்றுகூட நினைத்தேன். நாற்காலி லேசாக நகரும் ஓசை கேட்டது.

"அது சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்றார். "படிச்ச புள்ளைங்க."